காற்றிலேறி வரும் களை

கல்வராயன் மலைச்சரிவுகளில் பெய்யும் மழையை வாங்கிக்கொண்டு கிழக்கு நோக்கி இறங்கும் கோமுகியாற்றின் கரையிலே வளர்ந்து, 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்வு பெற்ற கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் முதலிய நெருக்கமான குடியிருப்புகளிலேகூட, சுவருக்கும் தெருவுக்கும் நடுவே எஞ்சிய நாலு முழ நிலத்தில் ஒரு முருங்கையும், ஒரு துளசியும், தலையில் சூடக் கொஞ்சம் கனகாம்பரமும் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மக்களை விட்டு நீங்கவில்லை. அந்த ஆசைக்கு இடையூறாக, யாரும் விதைக்காமலே, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த சில வாரங்களுக்குள் துளசியின் அடியிலும், குழாயடி ஈரத்திலும், சிமெண்டுத் தளத்தின் வெடிப்பிலும் ஒரு செடி தலையெடுக்கிறது. தரையோடு தரையாகப் படர்ந்த சொரசொரப்பான தண்டு. எதிரெதிராக அமைந்து, விளிம்பில் பல்பல்லாக வெட்டுப்பட்டு, இருபுறமும் மயிரடர்ந்த இலை. அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலையே இல்லாத மெல்லிய காம்பு. காம்பின் நுனியில், நடுவே மஞ்சளும் சுற்றிலும் வெண்மையான ஐந்தாறு இதழ்களுமாக ஒற்றைப் பூ. சிறுவர்கள் இதனைத் தாத்தாப்பூ என்று அழைத்து, காம்பை விரல்களுக்கிடையே வளைத்துப் பூத்தலையைச் சுண்டித் தெறிக்கவிட்டு விளையாடுவார்கள். பெரியவர்களுக்கு இது வெட்டுக்காயப்பூண்டு அல்லது கிணற்றடிப்பூண்டு.

மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் டான்டெலியன் என்னும் மஞ்சள் பூச்செடியோடு ஆண்டுதோறும் நடத்தும் ஓயாத போராட்டத்தைப் பற்றி நாம் படிப்பதுண்டு. குளிர்ந்த தேசத்துச் செடியாகிய அது நம் சமவெளியின் வெயிலைத் தாங்குவதில்லை. ஆயினும் அதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்து, அதே உபாயத்தால் வம்சவிருத்தி செய்துகொண்டு, நம் தோட்டங்களில் அதே ஸ்தானத்தை வகிப்பது இந்தத் தாத்தாப்பூ. இதுவும் நம் மண்ணில் பிறந்ததன்று. வெப்பமண்டல அமெரிக்காவே இதன் தாயகம். 1753இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டுத் தாவர சாஸ்திரி இதற்கு ஒரு பெயரிட்டுப் பதிவு செய்த காலத்துக்குப் பின், கப்பலேறிய சரக்குகளோடும் மண்ணோடும் பயணம் செய்து, இன்று உலகின் வெப்பநாடுகள் அனைத்திலும் இது வியாபித்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடு இதனைத் தன் எல்லைக்குள் புகவிடக்கூடாத களைகளின் பட்டியலிலே சேர்த்திருக்கிறது என்பதிலிருந்து இதன் வல்லமையை ஒருவாறு ஊகிக்கலாம்.

அந்த வல்லமை முழுவதும் விதையில் இருக்கிறது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூவன்று. காம்பின் உச்சியில் உள்ள சிறு தட்டின்மேல் நெருக்கமாக அமர்ந்த பல நுண்ணிய பூக்களின் கூட்டம் அது. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு விதை தரும். இதழ்கள் வாடி, பச்சைச் செதில்கள் மேலே கூம்பி, பூ முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக் கவனியாமல் விட்டுவிடுகிற சில நாட்களில், அந்தக் கூம்பினுள்ளே விதைகள் முற்றி, ஒவ்வொரு விதையின் தலையிலும் இறகுபோல் கிளைத்த மயிர்களாலான ஒரு குஞ்சம் வளர்ந்துவிடுகிறது. பிறகு ஒரு வெயில் நாளில் செதில்கள் கீழ்நோக்கி மடங்க, மங்கிய வெண்மையான பந்து ஒன்று காம்பின் மேல் விரிகிறது. ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ நீளமுள்ள கறுத்த விதையைத் தூக்கிச் செல்ல அந்தக் குஞ்சத்துக்குப் பெருங்காற்று தேவையில்லை. கதவைச் சாத்தும் காற்றே போதும். செடி ஒன்று தன் வாழ்நாளில் ஆயிரத்தையும் தாண்டி விதை தரவல்லது; நம் சீதோஷ்ணத்தில் ஆண்டு முழுவதும் பூக்கிறது.

இத்தகைய குஞ்சங்கள் காற்றில் எவ்வாறு நெடுநேரம் மிதக்கின்றன என்பது வெகுகாலம் விளங்காத ஒரு புதிராகவே இருந்தது. 2018இல் எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் டான்டெலியன் விதையைச் செங்குத்தான காற்றோட்டத்தில் நிறுத்தி, நுண்ணிய புகையும் ஒளியும் செலுத்திப் படம்பிடித்து, அதன் விடையை ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூறு மயிர்களைக் கொண்ட அக்குஞ்சம் பெரும்பாலும் வெற்றிடமே; அந்த இடைவெளிகளின் வழியே அளவோடு கசிந்து செல்லும் காற்று, குஞ்சத்தைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே ஒரு வளையமாகச் சுழன்று நிலைத்து நின்று, விதை கீழே விழும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. துணி விரித்த குடையைக் காட்டிலும், அதே அளவு பொருளைக் கொண்டு, இந்த மயிர்க்கற்றை பன்மடங்கு திறமையாகக் காற்றைத் தடுக்கிறது என்பது அவர்கள் கண்ட விசேஷம். தாத்தாப்பூவின் குஞ்சம் அமைப்பில் அதினின்றும் வேறுபட்டது. மயிர்கள் குறைவு, ஒவ்வொரு மயிரும் கிளைத்தது. ஆனால் கனம் சிறுத்து, இடைவெளி பெருத்து, காற்றுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் அந்த ஏற்பாடு இரண்டுக்கும் பொது. நம் வயல்வரப்புகளில் காணும் பூவாங்குறுந்தலும் முயற்செவியும் இதே குடும்பத்து உபாயத்தையே கையாளுகின்றன. வேறு குடும்பமாகிய எருக்கும் தன் பட்டுப்பஞ்சினால் இதையே செய்கிறது.

ஆதலால் இந்தக் களையைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது, இது பலத்தால் வெல்லப்படுவதன்று, காலத்தால் வெல்லப்படுவது என்பதே. குஞ்சம் விரிந்த செடியை வேகமாகப் பிடுங்கி உதறுகிறவர் களையெடுப்பதாக எண்ணிக்கொண்டு விதைப்பையே செய்கிறார். மொட்டு நிலையிலோ, இதழ் வாடாத நிலையிலோ கைவைத்துவிட்டால் அந்தச் செடியோடு அதன் சந்ததியும் முடிகிறது. தப்பித்தவறி வெண்பந்து விரிந்துவிட்ட காம்புகள் கண்ணில் பட்டால், பனியீரம் உலராத காலைவேளையில், குஞ்சங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தலைகளை மட்டும் முன்னதாக விரல்களால் மூடிக் கிள்ளி ஒரு பைக்குள் போட்டுவிட்டு, செடியைப் பிறகு பிடுங்குவது உத்தமம். பறித்துப் போட்ட பூவிலிருந்து விதை வராது என்று நம்பியிருப்பதும் சரியன்று. இக்குடும்பத்துச் செடிகள் பலவற்றில், காம்பில் எஞ்சிய சத்தைக் கொண்டே கிள்ளிய பூ முற்றிவிடுவதுண்டு. டான்டெலியனில் இது யாவரும் அறிந்த சங்கதி.

பிடுங்கும் முறையிலும் ஒரு நிதானம் வேண்டும். காய்ந்து இறுகிய செம்மண்ணில் செடியின் கழுத்தைப் பிடித்து இழுத்தால் தண்டு கையோடு வரும். வேர் மண்ணோடு நிற்கும். பதினைந்து நாளில் அதே இடத்தில் முன்னிலும் செழிப்பான செடி நிற்கும். முதல்நாள் மாலை தண்ணீர் விட்டோ, மழை விட்ட மறுநாளோ, களைக்கொத்தை வேருக்கு அருகில் சாய்வாக இறக்கி மண்ணை நெகிழ்த்திய பின், வேரும் தண்டும் கூடும் இடத்தைப் பற்றி மெல்லத் தூக்கினால் ஆணிவேர் முழுதும் வந்துவிடும். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தரையில் படர்ந்த தண்டுகள் கணுவுக்குக் கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் புதிய வேர் விட்டிருக்கும். தாய்ச்செடி போனாலும் அந்தக் கணுக்கள் தனித்தனியே பிழைக்கும். ஆகவே தண்டு ஒவ்வொன்றையும் அதன் நுனிவரை தொடர்ந்து சென்று தூக்கிவிட வேண்டும். இந்த வேலைக்கு மண்வெட்டியைக் காட்டிலும் சிறிய கொத்தும், குனிந்த முதுகும், பொறுமையுமே பிரயோஜனப்படும்.

பிடுங்கியதைக் குப்பைமேட்டில் ஈரத்தோடு குவித்து வைத்தால் அது மறுபடியும் வேர் பிடிக்கும். பூவில்லாதவற்றை வெயிலேறிய சிமெண்டுத் தளத்திலே பரப்பிக் காயவிட்டு மரத்தடியில் போடலாம். ஆடோ முயலோ வளர்ப்பவர்கள் தாராளமாகத் தீனியாகக் கொடுக்கலாம். பூவும் விதையும் உள்ளவற்றை ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, நீரில் அமிழ்த்தி, மூடி, சில வாரம் அழுகவிட்டுப் பின்பு அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றுவது நல்ல வழி. நாற்றம் பொறுக்க வேண்டும். ஆனால் சத்து வீணாகாது, விதையும் பிழைக்காது.

இனி, காற்றில் வந்து விழும் விதையை என்ன செய்வது? அடுத்த வீட்டுக் காலிமனையிலிருந்தும், தெருவோரத்திலிருந்தும், ஆடிக்காற்று சுமந்து வரும் விதைகளை எந்த மதிலும் தடுத்துவிட முடியாதே என்று மனம் சோர்வதற்கு இடமில்லை. விழுகிற விதைகளெல்லாம் முளைப்பதில்லை. தாத்தாப்பூவின் விதை முளைப்பதற்கு ஈரமும் வெப்பமும் போதா. வெளிச்சமும் அதன்மேல் படவேண்டும். மண்ணில் ஆழப் புதைந்த விதையும், நிழல் மூடிய தரையில் விழுந்த விதையும் பெரும்பாலும் வாளாவிருந்துவிடும். அந்தச் சிறிய விதைக்குள் இருக்கும் உணவு சொற்பமாதலால், இருட்டிலே முளைத்து மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. வெளிச்சம் தெரிந்த இடத்தில் மட்டுமே முளைப்பது அதன் சுபாவமாக அமைந்துவிட்டது. எனவே நம் தோட்டத்தில் தாத்தாப்பூ நிறைந்திருக்கிறது என்றால், அங்கே வெறுந்தரை நிறைந்திருக்கிறது என்றே பொருள். சுத்தம் என்று கருதி, இலைதழையெல்லாம் பெருக்கித் தள்ளி, பாத்திகளுக்கு நடுவே செம்மண் பளிச்சென்று தெரியும்படி வைத்திருக்கிறோமே, அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளாதவரை ஆயுள் முழுவதும் பிடுங்கிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான்.

தரையை மூடுவதற்கு வேண்டிய பொருளைக் கள்ளக்குறிச்சியில் தேடி அலைய வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் கரும்புப் பிரதேசம் இது. அறுவடை முடிந்த வயல்களில் மலைபோல் குவியும் கரும்புச்சோகையைத் தீயிட்டுக் கொளுத்துகிற காட்சி நெஞ்சை வருத்துவது. அந்தச் சோகையில் இரண்டு கட்டு வாங்கி வந்தால் ஒரு வீட்டுத் தோட்டம் முழுவதற்கும் ஓராண்டு மூடாக்குப் போட்டுவிடலாம். வெட்டிய சோகையை நான்கு விரற்கடை கனத்துக்குக் குறையாமல், செடியின் தண்டைத் தொடாதபடி சற்றே விலக்கிப் பரப்ப வேண்டும். மெலிதாகத் தூவினால் அதன் இடுக்குகளின் வழியே வெளிச்சம் புகுந்து, மூடாக்கு காத்த ஈரத்தில் களை முன்னினும் கொழுத்து வளரும். மூடாக்கினால் பயனில்லை என்று சிலர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே. சோகை கிடைக்காதவர்களுக்கு மக்காச்சோளத் தட்டை இருக்கிறது, நிலக்கடலைத் தோல் இருக்கிறது, வீட்டுத் தென்னையின் கீற்றும் மட்டையும் இருக்கின்றன. சோகைக்கு அடியில் பழைய செய்தித்தாளை நாலைந்து தாளாக நனைத்து விரித்துவிடுவது இரட்டைக் காவல்.

உயிருள்ள மூடாக்கு இன்னும் சிறந்தது. ஈரமான குழாயடியில் வல்லாரையும் பொடுதலையும், வெயில் படும் இடங்களில் தட்டைப்பயறும் படர்ந்துவிட்டால், தரையில் ஒளி விழுவதற்கு இடமே இராது. சமையலுக்கும் மருந்துக்கும் உதவுகிற ஒன்று ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தில், காற்றில் வந்த அந்நியன் கால் ஊன்றுவது அரிது.

கீரைப்பாத்தி போடுகிறவர்களுக்கு மூடாக்கு முதலிலேயே ஒத்துவராது, கீரைவிதையும் சிறியதே. அவர்கள் கையாளத்தக்கது வேறொரு தந்திரம். பாத்தியைக் கொத்தி, மட்டமாக்கி, விதைக்காமலேயே ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் தெளித்து வரவேண்டும். மேல்மண்ணில் காத்திருந்த களைவிதைகளெல்லாம் தமக்காகவே பாத்தி கட்டியதாக எண்ணி முளைத்துவிடும். இரண்டிலைப் பருவத்தில் அவற்றை வெயில் வேளையில் மேலோட்டமாகச் சுரண்டி உலரவிட்டு, அதன் பிறகு கீரையை விதைக்க வேண்டும். இங்கே மேலோட்டமாக என்ற சொல்லை மறந்துவிடக்கூடாது. ஒரு விரற்கடைக்கு மேல் கொத்து இறங்கினால், இருளிலே அடங்கிக் கிடந்த பழைய விதைகளை நாமே வெளிச்சத்துக்கு ஏற்றிவிடுவோம். ஆழக் கொத்துவது உழைப்பாளியின் அடையாளம் என்று கருதும் நம்மவர்களுக்கு இது ஏற்கக் கடினமான யோசனையாக இருக்கலாம். ஆனால் களைவிதை நிரம்பிய மண்ணில் அடிக்கடி ஆழக் கொத்துவதைப்போல் களைக்கு உபகாரம் வேறில்லை.

நம் நாட்டுக் கோடையையும் ஓர் ஆயுதமாக்கிக்கொள்ளலாம். 1976இல் இஸ்ரவேல் நாட்டு விஞ்ஞானி யாக்கோபு கட்டானும் அவருடைய சகாக்களும், நனைத்த மண்ணின்மேல் மெல்லிய பாலிதீன் தாளை விரித்து வைத்தால், சூரிய வெப்பமே மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடுகிறது என்று பரீட்சித்து வெளியிட்டார்கள். களைவிதைகளில் பலவும் அவ்வாறே மடிவது பின்பு தெளிவாயிற்று. சித்திரை வைகாசியில், கத்திரி வெயில் காயும் நாட்களில், பாத்தியை நன்றாக நனைத்து, கறுப்புத் தாளையன்றி ஒளி ஊடுருவும் தாளை மண்ணோடு ஒட்டும்படி இழுத்து விரித்து, நான்கு விளிம்புகளையும் மண்ணால் மூடி, ஐந்தாறு வாரம் அப்படியே விட்டுவிட வேண்டும். ஈரமான விதையே வெப்பத்துக்கு எளிதில் இரையாகுமாதலால் நனைப்பது இன்றியமையாதது. தாளை எடுத்த பின் மண்ணைக் கிளறக்கூடாது. வெப்பம் எட்டியது மேல்மண் அளவுக்கே.

புல்தரை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுகம்புல்லை ஒட்ட வெட்டினால் அழகு என்று நினைத்துத் தரையோடு சிரைத்துவிடுவதால், புல் வேரிழந்து மெலிகிறது. தரையோடு படரும் தாத்தாப்பூவின் இலைகளோ கத்திக்கு அகப்படாமல் தப்பி, புல் விட்டுக்கொடுத்த வெளிச்சத்தை அனுபவிக்கின்றன. புல்லை ஓரிரு அங்குலம் உயரமாக விட்டு, அடிக்கடி வெட்டி, சொட்டையான இடங்களில் புதுப்புல் பதித்து வந்தால், நிழலே காவலாகிவிடும்.

களைக்கொல்லி மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1940களில் கண்டுபிடிக்கப்பட்ட 2,4-டி என்னும் மருந்து, புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் முறுக்கிக் கொல்லும் தன்மையினால், மேல்நாட்டுப் புல்தரைகளில் டான்டெலியனுக்கு எமனாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் அது தாத்தாப்பூவுக்கும் தக்காளிக்கும் பேதம் அறியாது. பருத்திக்கு அது பரம விரோதி. பருத்தி பயிராகும் நம் வட்டாரத்தில் காற்றில் பறந்த சிறு துளியும் அடுத்தவர் வயலில் இலைகளைச் சுருட்டிவிடும். மற்றொரு மருந்தாகிய கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வாயிலாக அன்றிப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. நாலு முழத் தோட்டத்துக்கு, குழந்தைகள் தவழும் இடத்துக்கு, இம்மருந்துகள் வேண்டவே வேண்டா என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குச் சாட்சியாக நம்மவர்களையே காட்டலாம். தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரொண்டோ நகரம் அமைந்த ஒன்டாரியோ மாகாணத்தில், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வெறும் அழகுக்காக வீட்டுத் தோட்டங்களில் இரசாயனக் களைக்கொல்லி தெளிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. 2,4-டியும் அத்தடையில் அடங்கியது. வசந்த காலம் பிறந்ததும் அங்கே வீட்டுக்கு முன்னால் டான்டெலியன் மஞ்சளாகப் பூத்துவிடும். ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்று குடியேறியவர்கள், நின்றபடியே வேரைக் கவ்வி இழுக்கும் நீண்ட பிடிக் கருவிகளோடு புல்தரையில் இறங்கிக் கையாலேதான் களையெடுக்கிறார்கள். மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தைப் பிரித்த பின் எஞ்சும் புரதச்சக்கை, முளைக்கும் விதைகளின் வேரைத் தடுக்கிறது என்று அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டு, அதுவும் அங்கே வசந்தத்தின் தொடக்கத்தில் தூவப்படுகிறது. ஏற்கெனவே வேரூன்றிய செடியை அது ஒன்றும் செய்யாது.

உப்புக்கரைசலையும் காடியையும் தெளிக்கச் சொல்லும் கைவைத்தியங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. காடி இலையைக் கருக்கும். வேர் திரும்பவும் துளிர்க்கும். உப்போ மண்ணில் தங்கி, களைக்குப் பின் கனகாம்பரத்தையும் கொல்லும்.

இவ்வளவும் சொன்னதனால் தாத்தாப்பூவை முற்றிலும் ஒழித்துவிட வேண்டும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. வயலில் அரிவாள் பட்ட விரலுக்கு இதன் இலையைக் கசக்கிப் பிழிந்த சாற்றைவிட விரைவாகக் கைக்கு எட்டும் ஔஷதம் கிராமத்தில் வேறில்லை. ஆழமான காயமாயின் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தனி. வேறு பூக்கள் அருகிய கோடையில், வேலியோரத்துத் தாத்தாப்பூவின் மேல் மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகளும், நீல நிறத்தவையும் மாறிமாறி அமர்ந்து தேனருந்துவதைக் குனிந்து பார்த்தவர்கள் இச்செடியை வெறுக்கமாட்டார்கள். பாத்தியிலும் புல்தரையிலும் அதற்கு இடமில்லை. ஆடு மேயும் வேலிக்கு அப்பால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தத் தாட்சண்யத்தை அதன் உறவுச்செடி ஒன்றுக்கு மட்டும் காட்டவே கூடாது. கள்ளக்குறிச்சியின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் மழைக்குப் பின் இடுப்பளவு நின்று, வெண்ணிறச் சிறு பூக்களாக நுரைக்கும் பார்த்தீனியத்தையே சொல்கிறேன். இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களின் நடுவில் புனாவில் கண்டறியப்பட்டு, இரண்டொரு தலைமுறைக்குள் தேசமெங்கும் பரவிற்று. இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. ஒரு செடி பதினாயிரத்துக்கு மேல் விதை தரும். அவ்விதைக்குக் குஞ்சம் இல்லை. வாய்க்கால் நீரிலும், டிராக்டர் சக்கரத்துச் சேற்றிலும், மக்காத எருவிலும், கட்டட வேலைக்கு வரும் மண்லோடிலும் அது ஊர் ஊராகச் செல்லும். தோல் அரிப்பும் படையும், மூச்சிரைப்பும் இதனால் வருவதுண்டு. ஆகையால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும், ஆட்டுக்குப் போடக்கூடாது. பயிரில்லாத வெற்றிடங்களில் லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மேலே உப்பைத் தடுத்தது தோட்ட மண்ணைக் கருதி, இங்கே அனுமதிப்பது பயிரேறாத சாலையோரத்துக்கு மட்டும். மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரால் சோதிக்கப்பட்டு, மறு ஆண்டே வெளியில் விடப்பட்ட ஒரு சிறு வண்டு, வெண்மையான முதுகில் பழுப்புக் கோடுகளோடு, மழைக்காலத்தில் இச்செடியின் இலைகளைச் சல்லடையாக்கி விடுகிறது. அந்த வண்டைக் கண்டால் பூச்சிமருந்து அடித்துக் கொன்றுவிடாதிருப்பது நாம் செய்யக்கூடிய உதவி.

எருவைப் பற்றி மேலே தொட்டுச் சென்றதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; பலருடைய தோட்டத்தில் களை புகுந்த வாசல் அதுவே. மாடு தின்ற களையின் விதைகளில் ஒரு பங்கு சாணத்தோடு முளைக்கும் திறன் கெடாமலே வெளியேறும். குழியில் நன்றாகச் சூடேறி, கிளறப்பட்டு, மண்வாசனை வரும்வரை மக்கிய எருவில் அவை மாண்டுவிடும். அள்ளும்போது வைக்கோல் வைக்கோலாகவே தெரிகிற பச்சை எருவில் உயிரோடு இருக்கும். நர்சரியில் வாங்கும் ரோஜாப் பையின் மேல்மண்ணையும் அவ்வாறே ஐயத்தோடு பார்த்து, நடுவதற்கு முன் மேலாக ஒரு விரற்கடை மண்ணைச் சுரண்டி எறிந்துவிடுவது நல்லது.

மதிலுக்கு வெளியே, சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள ஒரு முழ அகலத்தை யாரும் தம்முடையதாக எண்ணுவதில்லை. ஆனால் உள்ளே விழுகிற விதைகளில் மிகுதியானவை அங்கிருந்தே ஏறி வருகின்றன. ஒரு தெருவார் கூடிப் பேசி, வைகாசி இறுதியில் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறை என்று அந்த ஒரு முழத்தையும், பூட்டிக்கிடக்கும் காலிமனைகளின் ஓரத்தையும் பூ முற்றுவதற்கு முன் கொத்திவிட்டால், ஆடிக்காற்று சுமந்து வருவதற்கு விதை குறையும். முதல் ஆண்டில் பலன் கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் முன்பே விழுந்து கிடப்பவை முளைத்து முடிய வேண்டும். கொத்திய அந்த இடத்தையும் வெறுந்தரையாக விட்டுவிடாமல், கொஞ்சம் சோகையோ, நாலு குத்து அறுகோ, ஒரு வரிசை செம்பருத்தியோ வைத்துவிட்டு வரவேண்டும்.